அம்பயரும் சொல்லமாட்டார், ஆர்டிஸும் சொல்லமாட்டாள்

பேஸ்பாலைக் கரைத்துக் குடித்துவிட்டதாக மார்தட்டுகிறவர்கள் எங்கள் வார்டல் ஊரில் கடைக்கு நாலு பேர் உண்டு. எந்த வருஷம் எவன் எத்தனை அடித்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். தப்பான ஆள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். மைதானத்தில் இரண்டு பேருக்கு அது கட்டாயம் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. யார் அந்த இரண்டு பேர்?

ஒருவர் அம்பயர். அதைச் சிலர் சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் ஸ்கோரர் என்று நான் சொன்னால், “போய்யா, அது சும்மா உக்காந்து எழுதற ஆளு” என்பார்கள். சும்மா உட்கார்ந்து எழுதுகிற ஆள் என்ன பாடுபடுவாள் என்பதைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்து பார்த்தவன் நான். அவள் என் அண்ணி, ஆர்டிஸ் ப்ரெக்கி.

சட்டம் இதுதான். ஒன்பது பேரும் எந்த வரிசையில் மட்டை பிடிப்பார்கள் என்று ஒவ்வொரு அணியும் முன்கூட்டியே அம்பயரிடம் கொடுத்துவிட வேண்டும். நடுவில் ஆளை மாற்றினால், புது ஆள் எந்த இடத்துக்கு என்றும் சொல்ல வேண்டும். வரிசை தவறி ஒருவன் வந்து அடித்துவிட்டால் எதிரணி ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால், முறைப்படி வரவேண்டியவன் அவுட். தப்பாக வந்தவன் அடித்துக் கிடைத்த ரன்னும் செல்லாது. ஆனால் அடுத்த ஆளுக்கு ஒரே ஒரு பந்து எறிந்துவிட்டால் போதும், நடந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடும். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் பயனில்லை. எதிரணி தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால்தான் மற்ற இருவருக்கும் வாய்ப்பூட்டு.

ஆர்டிஸ் எங்கள் ஊர் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊரில் யார் வீட்டில் என்ன புகைகிறது என்பது முதலில் அவள் காதுக்குத்தான் வரும். ஒரு வார்த்தை வெளியே போகாது. பாதிரியாரின் மச்சான் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போன கதையைக்கூட, ஊரெல்லாம் நாறிய பிறகு நான்தான் அவளிடம் போய்ச் சொன்னேன். “அப்படியா?” என்றாள். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கோர் எழுதுகிற வேலை அவளுக்குப் போர்க்காலத்தில் வந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் கப்பற்படைக்குப் போய்விட்டார். “ஒரு வாரத்துக்கு மட்டும் எழுது” என்று என் அண்ணன் லேலண்ட் அவள் கையில் பென்சிலைக் கொடுத்தான். அந்த ஒரு வாரம் பத்து வருஷமாக நீண்டது. சுவிட்ச்போர்டில் மணி அடிக்காத நேரமெல்லாம் மடியில் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பாள். அம்பயர்களே ஆட்டம் தொடங்கும் முன், அவள் உட்கார்ந்து எழுதும் கூண்டுக்குக் கீழே வந்து நின்று சந்தேகம் கேட்பார்கள்.

தாட்சண்யம் என்பது அவளிடம் கிடையாது. நாற்பத்தாறில் லேலண்ட் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு ஆட்டம் பிழையே இல்லாமல் பந்து பிடித்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுலபமான பந்து ஒன்றைக் கால்களுக்கு நடுவே விட்டான். அது பிழையா, எதிரி அடித்த நல்ல அடியா என்று தீர்மானிப்பது ஸ்கோரர் மட்டுமே. மைதானம் முழுக்கத் திரும்பிக் கூண்டைப் பார்த்தது. ஆர்டிஸ் பிழை என்று எழுதினாள். லேலண்ட் இரண்டு நாள் அவள் போட்ட காப்பியைக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே போட்டுப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவள் காப்பிக்கே திரும்பினான்.

ஆனால் அதெல்லாம் விளையாட்டு. ஐம்பத்துமூன்று ஆகஸ்டில் நடந்தது விளையாட்டு இல்லை.

அப்போது லேலண்ட் ஆடுவதை நிறுத்திவிட்டு அணியின் மேனேஜராக இருந்தான். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஓர் அணி உண்டு; ஒவ்வோர் அணிக்கும் ஒரே கனவுதான், மாநிலப் போட்டிக்குப் போவது. வார்டல் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆட்டக்காரனாகவும் மேனேஜராகவும் லேலண்ட் இருபது வருஷம் அந்த வாசலை முட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கோடைதான் கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டான். முதுகு போய்விட்டது. மரக்கடை வேலைக்கே ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்துபோவான். அன்றைக்கு ஹார்லோ ஊர் அணியை ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால் எல்லாம் முடிந்தது.

எங்கள் கூண்டு, மட்டை பிடிக்கும் இடத்துக்குப் பின்னால், கம்பி வலைக்கு மேலே இருந்தது. ஏணி வைத்து ஏற வேண்டும். உள்ளே இரண்டு நாற்காலி. ஒன்றில் ஆர்டிஸ், இன்னொன்றில் ஒலிபெருக்கியோடு நான். பெயர் சொல்லி அறிவிப்பது என் வேலை. ஒவ்வொருவனும் மட்டையோடு நடந்து வரும்போது ஆர்டிஸ் புத்தகத்தில் அவன் பெயர் மேல் விரலால் தட்டுவாள். நான் பார்த்துச் சொல்வேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

எட்டாவது இன்னிங்ஸில் நாங்கள் மூன்று, ஹார்லோ இரண்டு. ஹார்லோ மேனேஜர் அப்போது இரண்டு ஆட்களை மாற்றினார். அம்பயர் ரூட் கம்பி வலைக்கு அருகே வந்து எங்களை நோக்கிக் கத்தினார்.

“வோல்ட்ஸ் ஆறாவது, ஹென்கல் ஏழாவது! எழுதிட்டியா ஆர்டிஸ்?”

“எழுதிட்டேன்.”

நான் அதை ஒலிபெருக்கியிலும் சொன்னேன். ரூட் எங்கள் ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் போய் லேலண்டிடமும் சொன்னார். லேலண்ட், எங்களுக்குப் பந்து எறியும் பிட்சர் டூவியின் கையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். டூவியின் நடுவிரலில் கொப்புளம் உடைந்திருந்தது. லேலண்ட் நிமிராமலே “சரி சரி” என்று தலையை ஆட்டினான். ரூட் தன் கடமையைச் செய்துவிட்டார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். ஹார்லோவில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் போதும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள் நிற்கிறான்; ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வந்து இரண்டு ரன் ஆக்கிவிடுவார்கள். சர்ச் பெண்கள் காப்பியும் ஆப்பிள் பை பலகாரமும் விற்பதை நிறுத்திவிட்டுக் கம்பி வலையோரம் வந்து நின்றார்கள். அடுத்து ஆறாவது ஆள். வோல்ட்ஸ் வரவேண்டும். பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரான அவன் மட்டை பிடித்தால் கொசு அடிப்பது போலத்தான் இருக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஹென்கல் வந்தான்.

கதவு போன்ற முதுகு. மட்டையைப் பல் குச்சி மாதிரி சுழற்றிக்கொண்டு வந்தான். நான் வழக்கம்போல ஆர்டிஸின் விரலைப் பார்த்தேன். விரல் தட்டவில்லை. ஆறாவது வரிசையில் வோல்ட்ஸ் பெயருக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு புரிந்தது. ஹார்லோ மேனேஜர் அம்பயரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, தன் ஆட்களிடம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். இடம் மாறி வருகிறார்கள்!

“அண்ணி,” என்றேன், “இவன் ஏழாவது இல்ல?”

அவள் கை என் ஒலிபெருக்கியின் சுவிட்ச் மேல் வந்து விழுந்தது. அணைத்துவிட்டாள்.

“பேசாத.”

“நான் ஸ்கோரர் இல்லியே. எனக்கென்ன சட்டம்?”

“இந்தக் கூண்டுல உக்காந்திருக்கிற வரைக்கும் உன் வாயும் என் வாய்தான் வெர்லின். நீ என் புத்தகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்ட.”

“கீழ நிக்கறது உங்க புருஷன்! எங்க அண்ணன்!”

“யாருன்னு எனக்குத் தெரியும்.”

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. லேலண்ட் எங்களுக்குக் கீழே, சுமார் இருபதடி தூரத்தில், முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். நான் ஓர் இருமல் இருமினாலே திரும்பிப் பார்த்திருப்பான். இருமவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஏன் இருமவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயம்தான். சட்டத்துக்கு இல்லை, அவளுக்கு.

பெயர் சொல்லாததால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அம்பயர் ரூட்டைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். இரண்டாவது பந்தை ஹென்கல் இடப்பக்கக் கோட்டை ஒட்டி அடித்தான். மூலைக்கு ஓடிப்போய் வேலியில் மோதியது. இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஹார்லோ நான்கு, நாங்கள் மூன்று. எங்கள் ஜனங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் இன்னும் ஆட்டம் எங்கள் கையில்தான் இருந்தது. அடுத்த பந்து எறிவதற்கு முன் லேலண்ட் அம்பயரிடம் போய், “இவன் வரிசை தவறி வந்தான்” என்று நான்கு வார்த்தை சொன்னால் போதும். வோல்ட்ஸ் அவுட். இரண்டு ரன்னும் ரத்து. அது மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது, வார்டலுக்கு வெற்றி, மாநிலப் போட்டி.

லேலண்ட் டூவியிடம் நடந்து போனான். விரலைப் பிடித்துப் பார்த்தான். அதற்குள் ஹார்லோ பக்கத்திலிருந்து அடுத்த ஆள் வந்துகொண்டிருந்தான். சாட்சாத் வோல்ட்ஸ்! முன்னாடியே வந்திருக்க வேண்டியவன், இப்போது மூக்கைச் சொறிந்துகொண்டு வருகிறான். “பாருடா, பாருடா” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினேன். ஆர்டிஸ் என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தடம் மறுநாள் வரை இருந்தது.

லேலண்ட் திரும்பினான். தன் இடத்துக்கு வரும் வழியில், தலையைத் தூக்கி நேராகக் கூண்டைப் பார்த்தான். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு மனுஷன் கஷ்டத்தில் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்குக் காரணம் வேண்டுமா? ஆர்டிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு ஐந்தடிக்கு அப்பால் எல்லாம் புகைதான். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

லேலண்ட் ஒரு கணம் தயங்கினான். பிறகு குனிந்து தன் இடத்துக்குப் போய்விட்டான். டூவி பந்தை எறிந்தான்.

ஆர்டிஸ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். வோல்ட்ஸ் மூன்றே பந்தில் அவுட். எங்கள் முறை வந்தது. முதல் இருவர் ஒன்றும் இல்லாமல் போனார்கள். மூன்றாமவன் அடித்தது வேலி வரை போனது. வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஹென்கல் அதைப் பிடித்தான். அவனேதான். தோற்றோம். எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது.

ஆர்டிஸ் பேனாவைத் திறந்து புத்தகத்தைச் சுத்தமாக எழுதினாள். ஹார்லோவின் ஆறாவது இடத்தில் வோல்ட்ஸ், ஏழாவதில் ஹென்கல். அடியில், ‘ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹென்கல் வரிசை தவறி ஆடினார், ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு வரி.

“இத எதுக்கு எழுதறீங்க?” என்று கத்தினேன். “ரெண்டு பேரையும் மாத்தி எழுதிட்டா யாருக்குத் தெரியப்போவுது? அம்பயர் சொல்லமாட்டார். நான் சத்தியமா சொல்லமாட்டேன்.”

“நடந்தத எழுதத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க.”

“அண்ணன் படிப்பான்.”

“படிக்கட்டும்.”

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் லேலண்ட் சர்ச் பெண்களிடம் இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி வந்து புத்தகத்தைப் புரட்டுவான். ஜெயித்தாலும் தோற்றாலும். அன்றைக்கும் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் அவளைப் பார்த்து, “என்ன பண்றது, டூவி விரல் கவுத்துடுச்சு” என்று சிரிக்கப் பார்த்தான். காப்பியை வைத்தான். புத்தகத்தைத் திருப்பினான். கடைசி வரிக்கு வந்ததும் நின்றான். திரும்ப மேலே போய் ஆறாவது, ஏழாவது வரிசையைப் பார்த்தான். மறுபடி கீழே வந்தான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அவன் மட்டையோட நடந்து வரும்போதே.”

“நான் மேல பாத்தப்போ?”

“தெரியும்.”

லேலண்ட் என் பக்கம் திரும்பினான். “உனக்குமாடா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் காப்பியைத் தொடவில்லை. ஏணியில் இறங்கி, சாய்ந்த முதுகோடு, காரை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

பதினான்கு நாள் அவன் அவளோடு பேசவில்லை. ஊர் பேசியது. “புருஷன் கழுத்த அறுத்துட்டா”, “சட்டத்தக் கட்டிகிட்டே படுத்துக்கட்டும்” என்று அவள் காதுபடவே. டெலிபோனில் எண் கேட்கும்போதுகூட, “ஹார்லோவுக்கு லைன் போடும்மா, உனக்குத்தான் அங்க நெறைய சொந்தமாச்சே” என்று ஒருத்தி குத்தினாள். ஆர்டிஸ் லைன் போட்டுக் கொடுத்தாள். நான் அவளை வைதவர்களோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து அவளையே வைதேன்.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியும். திடீரென்று லேலண்ட் அவளைப் பார்த்துப் பேசினான். குரலில் கோபம் இல்லை.

“நீ கண்ணாடியக் கழட்டின.”

ஆர்டிஸ் நிமிர்ந்தாள்.

“பத்து வருஷத்துல நீ கூண்டுல கண்ணாடியக் கழட்டி நான் பாத்ததில்ல. மழையிலகூட. அன்னிக்குக் கழட்டின. எனக்கு அப்பவே சுருக்குனு ஒண்ணு பட்டுச்சு. என்னமோ தப்பா இருக்குன்னு. டூவி விரலத்தான் நெனச்சேன், முட்டாள். நீ சொல்லித்தான் இருக்க. நான்தான் கோட்டை விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். பதினான்கு நாளுக்கப்புறம் வந்த சிரிப்பு. உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆர்டிஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

“உனக்கு என்ன பட்டுச்சு? சரியாச் சொல்லு.”

“என்னமோ தப்புன்னு பட்டுச்சு. விடேன்.”

“என்னப் பாத்ததுனாலயா?”

“உன்னப் பாத்ததுனாலதான்.”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “உன் முகத்தப் பாக்க முடியல, அதான் கழட்டினேன்னு நெனச்சேன். இப்ப எனக்கே தெரியல. ஆனா அது உனக்கு வந்து சேந்திருக்கு. அப்ப நான் சொல்லிட்டேன்.”

“அண்ணி, கிறுக்கா உங்களுக்கு?” என்றேன். “மூக்குக்கண்ணாடி கழட்டக்கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“எந்த விதத்துலயும் தெரியப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு வெர்லின்.”

மறுநாளே வட்டார பேஸ்பால் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதினாள். ஸ்கோரர் நடந்துகொள்ளக்கூடாத விதத்தில் தான் நடந்துகொண்டதாகவும், இனி பென்சிலைத் தொடப்போவதில்லை என்றும். கடிதத்தை ஒட்டி, வேலைக்குப் போகும்போது போட்டுவிடும்படி லேலண்ட் கையில் கொடுத்தாள். எனக்கு விஷயம் தெரிந்ததும் மரக்கடைக்கு ஓடினேன். அவன் சட்டைப் பையில் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

“கிழிச்சுப் போடு அண்ணே! ஊரு என்ன சொல்லும்? நீதான் அவங்கள வெரட்டினன்னு சொல்லும்.”

“சொல்லட்டும்.”

“அவங்க ஒரு தப்பும் பண்ணல.”

“பண்ணினாடா,” என்றான் லேலண்ட். பலகை மேல் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. “அவளப் பத்தி எனக்குத் தெரியாதா? நாற்பத்தாறுல எம்மேல பிழைன்னு எழுதினவ. அவ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எனக்காகத் தாங்காமப் போயிட்டா. மாநிலப் போட்டிக்குப் போயிருந்தாக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். ஆனா அத அவகிட்டச் சொல்ல முடியாது. எனக்கு எது சந்தோஷமோ அதுதான் அவளுக்குக் குத்தமா இருக்கு. சொன்னா ஒடஞ்சு போயிடுவா.”

“அப்ப என்ன பண்ணப்போற?”

“வாய மூடிகிட்டு இருக்கப்போறேன்.”

தெருமுனைத் தபால்பெட்டி வரை இருவரும் நடந்தோம். கடிதத்தை உள்ளே போட்டான். அடுத்த வருஷம் பல் டாக்டர் ஒருவர் ஸ்கோர் எழுத வந்தார். லேலண்ட் சாகும்வரை, அவன்தான் பெண்டாட்டியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டான் என்றே ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் ஒருநாளும் மறுக்கவில்லை.